ஆட்டுவிக்கப்பட்டவனின் பொறுப்பு

உஸூலுல் ஃபிக்ஹ் வகுப்பில் 'இக்ராஹ்' எனும் வற்புறுத்தலைப் பற்றிய பகுதியை நாம் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்தார். "ஹஜ்ரத், ஒருவருடைய ஆன்மாவையே வேறொருவர் கைப்பற்றி அவரைக் கொலை செய்ய வைத்தால், அவரும் முக்ரஹ்தானா?" என்று கேட்டார். 'வார்கிராஃப்ட் 3' என்னும் கணினி விளையாட்டின் கதையே அக்கேள்விக்குப் பிறப்பிடம் என்பது விசாரித்தபோது தெரிந்தது. அமெரிக்காவின் பிளிஸ்ஸார்ட் நிறுவனம் 2002-இல் அதனை வெளியிட்டது. மறு ஆண்டே தொடர்ச்சியும் வந்தது. விளையாட்டுதானே என ஒதுக்கவே நமக்கும் முதலில் தோன்றிற்று. கதையை முழுமையாகக் கேட்டறிந்த பின்னர் அவ்வாறு ஒதுக்க இயலவில்லை.

கழுத்தில் கத்தி வைத்து மிரட்டப்படுபவனிடம் மனநிறைவு இல்லை. ஆயினும் தேர்வு, பழுதுபட்ட நிலையிலேனும், எஞ்சியிருக்கிறது என்பர் ஹனஃபி உஸூல் அறிஞர்கள். இரு தீமைகளுள் ஒன்றை அவனே தேர்கிறான். எனவேதான், உயிருக்கு அஞ்சிப் பிறர் பொருளை அழித்தவனுக்குச் சலுகை தந்த சட்ட அறிஞர்கள், உயிருக்கு அஞ்சிப் பிறர் உயிரைப் பறிப்பதற்கு அனுமதி தரவில்லை. மீறிக் கொன்றுவிட்டால் கிஸாஸ் யார்மீது? வற்புறுத்தியவன்மீது என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). கொன்றவன்மீதே என்றார் இமாம் ஸுஃபர் (ரஹ்). இருவர்மீதும் இல்லை என்றார் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்). கருத்து வேறுபாடு உலகத் தண்டனையில்தான். கொன்றவன் பாவியே என்பதில் அவர்கள் வேறுபடவில்லை.

மாணவர் குறிப்பிட்ட பாத்திரம் சில்வானஸ். எல்ஃப் இனத்தாரின் படைத்தலைவியான அவள் தன் நாட்டைக் காக்கப் போரிட்டு மடிகிறாள். கொன்றவன் இளவரசன் ஆர்தஸ். அவனே அவளை ஆவியாக எழுப்பித் தன் ஆணைக்குக் கட்டுப்பட்டவளாக ஆக்கி, அவளுடைய சொந்த மக்கள்மீதே ஏவுகிறான். இங்கே பழுதுபட்ட தேர்வு கூட இல்லை. ஒருவனைத் தூக்கி மற்றொருவன்மீது எறிய, விழுந்த வேகத்தில் கீழிருந்தவன் இறந்துவிட்டால், எறியப்பட்டவனை யாரும் கொலைகாரன் என்பதில்லை. சில்வானஸின் அந்நிலை இத்தகையது. அவளை முக்ரஹ் என்பதும் பொருந்தாது. மாணவருக்கு நாம் அளித்த விடை இவ்வளவே.

ஆர்தஸின் நிலை வேறு. ஃப்ராஸ்ட்மோர்ன் என்னும் வாள் அவனுடைய ஆன்மாவைப் பறித்துவிட்டது, அதன்பின் தந்தையைக் கொன்றது அவனல்ல, வாளே என்று வாதிடும் இரசிகர்கள் உண்டு. அந்த வாளை அவன் எடுத்தது எவ்வாறு? அது சாபத்துக்குரியது என்று உடனிருந்த முராடின் கல்வெட்டைப் படித்து எச்சரிக்கிறான். எந்தச் சாபத்தையும் ஏற்பேன் என்று தெரிந்தே கைநீட்டுகிறான் ஆர்தஸ். அதற்கு முன்பே, நோய் பற்றிய ஸ்ட்ராத்தோம் நகர மக்களை வெட்டிச் சாய்த்தவன் அவன். அங்கே ஆசான் உதரும் ஜெய்னாவும் உடன்பட மறுத்து விலகினர். ஆகவே மறுப்பதற்கு வழியும் இருந்தது. தன் வீரர்கள் ஊர் திரும்பிவிடாதிருக்கக் கூலிப்படையினரைக் கொண்டு கப்பல்களுக்குத் தீயிட்டு, அப்பழியை அக்கூலிப்படையினர் மீதே சுமத்தியவனும் அவனே. இவையெல்லாம் வாள் கைக்கு வருமுன் நடந்தவை.

இவ்விடத்தில் நமக்கு நினைவுக்கு வருவது குடிகாரனைப் பற்றிய சட்டம். பலவந்தமாக மது புகட்டப்பட்டவனுக்கு ஒரு சட்டம், விரும்பிக் குடித்தவனுக்கு வேறு சட்டம். பின்னவன் போதையில் கூறிய தலாக்கும் நிகழும் என்பதே ஹனஃபி மத்ஹபின் பெரும்பான்மைக் கருத்து. இமாம்கள் தஹாவியும் கர்கியும் (ரஹ்) நிகழாது என்றனர் என்பதையும் மறைக்கலாகாது. எனினும், அறிவை இழந்தபின் செய்தவற்றுக்கு விலக்கு அளிப்போரும், அறிவை இழக்கக் குடித்ததற்கு விலக்கு அளிப்பதில்லை.

இதனைக் கதைக்குள்ளேயே உணர்ந்த பாத்திரம் ஒன்று உண்டு. ஓர்க் இனத் தலைவன் குரோம் ஹெல்ஸ்க்ரீம், மன்னொராத் என்னும் ஷைத்தானின் இரத்தத்தைக் குடித்து வெறிகொண்டவன். ஓர்க்குகளின் பழைய வெறியாட்டமெல்லாம் சாபத்தின் விளைவு என்று தோழன் திரால் நம்பியிருக்க, அந்த இரத்தத்தை நாங்கள் விரும்பியே குடித்தோம் என்று அவன் வாயாலேயே வெளிப்படுகிறது. பின்னர் மன்னொராத்தைக் கொன்று தானும் மடிகிறான். 2002-இன் அக்கதையில் நாம் மிக உயர்வாகக் கருதும் இடம் இது.

சில்வானஸின் கதையை அதே நிறுவனத்தார் பின்னர் கையாண்ட விதத்தில்தான் நமக்கு வருத்தம். 2003-ஆம் ஆண்டுத் தொடர்ச்சியில், ஆட்டுவித்தவனின் வலிமை குன்றவே அவள் விடுதலை அடைகிறாள். விடுபட்டவள் நகரத்தை ஒப்படைப்பதாகக் காரிதோஸ் என்னும் படைத்தலைவனுக்கு வாக்களித்து, வேலை முடிந்ததும் அவனைக் கொல்லச் செய்கிறாள். நேற்றுவரை கருவியாக இருந்தவள் இன்று பிறரைக் கருவியாக்குகிறாள். இம்முறை முழு அறிவோடு. துன்புற்றவரெல்லாம் தூயவராகிவிடுவதில்லை என்னும் கசப்பான உண்மையை அன்றைய ஆசிரியர்கள் துணிந்து எழுதினர். 2018-இல் வெளிவந்த கதையில் அவள் டெல்ட்ராசில் என்னும் மாமரத்தை, அதில் குடியிருந்த மக்களோடு எரித்தாள்.

பிறகு 2021-இல் புதியதொரு விளக்கம் வந்தது. அன்று அந்த வாள் அவளுடைய ஆன்மாவை இரண்டாகப் பிளந்ததாம். இத்தனை காலம் நடமாடியது ஒரு பாதியாம். இப்போது மறுபாதி திரும்பவே வருந்துகிறாளாம். வாக்களிக்கவும், வாக்கை முறிக்கவும், போருக்குத் திட்டம் வகுக்கவும் தெரிந்த அந்தப் பாதி, கட்டளையைக் கேட்டு விளங்கும் ஆற்றல் உள்ளதே அல்லவா? மனிதன் முகல்லஃபாக, அதாவது பொறுப்புச் சுமத்தப்பட்டவனாக ஆவதற்கு நம் அறிஞர்கள் கேட்டது அவ்விளக்கத்தையும் அறிவையும்தான். புண்படாத உள்ளத்தை அல்ல. முன்பு வாளைக் காட்டி ஆர்தஸுக்காக இரசிகர்கள் வாதிட்டதை, இம்முறை கதையாசிரியர்களே தம் பாத்திரத்துக்காகச் செய்துவிட்டனர். விளைவு, பழைய கதையின் வலிமையும் குன்றிவிட்டது. காரிதோஸைக் கொன்றவள் யார் என்பதே இப்போது ஐயத்துக்குரியதாகிறது.

2022-இல் அவளுக்குத் தீர்ப்பு வழங்கும் பொறுப்பு டிராண்டேக்கு அளிக்கப்படுகிறது. எரிந்த அம்மரம் இவளுடைய மக்களின் இல்லம். மா என்னும் இருண்ட உலகில் சிக்குண்ட ஆன்மாக்கள் ஒவ்வொன்றையும் தேடி மீட்பதே தண்டனை என்கிறாள். சில்வானஸ் எதிர்வாதம் செய்யாமல் அங்கே இறங்குகிறாள்.