சிங்கிள் சைன்-ஆன்: பதிவுப் படிவத்தில் இல்லாத ஆள்

"அப்ளிகேஷன் ரிஜிஸ்டர் பண்ணணும்" என்று திண்டிவனம் தாலுகா ஆபீஸ் பக்கம் சொன்னால், சாதிச் சான்றிதழா, வருமானச் சான்றிதழா என்றுதான் கேட்பார்கள். மென்பொருள்காரர்களிடம் அதே வாக்கியத்துக்கு வேறு பொருள். தாங்கள் எழுதிய செயலியை ஓர் அடையாளச் சேவையிடம் பதிந்து, "இனிமேல் லாகின் வேலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒப்படைப்பது. இந்த இரண்டு அப்ளிகேஷனும் சந்திக்கிற இடம் பிரவுசிங் சென்டரின் மேசை. அந்த மேசையை மனதில் வைத்துப் பார்த்தால் இந்தப் பதிவு முறையில் என்ன குறை என்று தெரியும். பெங்களூரில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூலையில் மத்திய அரசு 'மேரி பெஹ்சான்' என்கிற தேசிய ஒற்றை உள்நுழைவுச் சேவையை அறிமுகப்படுத்தியது. 'என் அடையாளம்' என்று பொருள். (நம்மூரில் மேரி என்றால் மாதாகோயில் தெரு மேரியக்காதான் நினைவுக்கு வருவார், அது வேறு.) டிஜிலாக்கர், இ-பிரமாண், ஜன் பரிச்சய் என்று தனித்தனியாக இருந்த மூன்று கதவுகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். ஒரு கணக்கு இருந்தால் பல அரசுத் தளங்களுக்குள் போகலாம். நல்ல யோசனைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. இருபது தளத்துக்கு இருபது பாஸ்வேர்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கும் ஊர் இது.

ஒரு செயலி இப்படிப்பட்ட சேவையில் சேர என்ன செய்ய வேண்டும்? பெயர், நோக்கம், நிறுவன விவரம் எல்லாம் கொடுத்துப் பதிய வேண்டும். பதிலுக்கு ஒரு கிளையன்ட் ஐடியும் ஒரு கிளையன்ட் சீக்ரெட்டும் கிடைக்கும். கூடவே ரீடைரக்ட் முகவரி ஒன்றையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த முகவரிதான் முழு ஏற்பாட்டின் உயிர். விழுப்புரம் ஜங்ஷனில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. சென்னையிலிருந்து வருகிற தண்டவாளம் அங்கே விருத்தாசலம், கடலூர், புதுச்சேரி, திருவண்ணாமலை என்று பிரிகிறது. பாயின்ட் எந்தப் பக்கம் போடப்பட்டிருக்கிறதோ வண்டி அந்தப் பக்கம்தான் போகும், பயணி வைத்திருக்கும் டிக்கெட்டைப் பார்த்து அல்ல. ரீடைரக்ட் முகவரியும் ஒரு பாயின்ட்தான். லாகின் முடிந்ததும் 'இவர் இன்னார்தான்' என்பதற்கான குறியீடு எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று அதுதான் தீர்மானிக்கிறது. பதிந்த முகவரியோடு ஓர் எழுத்துகூட மாறாமல் பொருந்த வேண்டும் என்று 2025 ஜனவரியில் வந்த ஓஆத் பாதுகாப்பு வழிகாட்டி கறாராகச் சொல்கிறது. 'இந்த டொமைனில் எங்கே வேண்டுமானாலும்' என்று தளர்வாக விட்டால் என்ன ஆகும் என்பதைப் பல வருடம் அடி வாங்கித்தான் கற்றார்கள்.

சீக்ரெட்டின் கதையும் அப்படித்தான். சர்வரில் இருக்கும்வரை அது ரகசியம். மொபைல் செயலிக்குள் வைத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் ஏ.பி.கே கோப்பைப் பிரித்துப் படித்துவிடலாம். 2015-ல் பி.கே.சி.இ என்கிற முறை வந்தது இதற்காகத்தான். ஒவ்வொரு லாகினுக்கும் செயலி புதிதாக ஒரு ரகசியத்தை உருவாக்கி, அதன் ஹேஷை முதலில் அனுப்பிவிட்டு, கடைசியில் அசலைக் காட்டும். நடுவில் குறியீட்டைத் திருடியவனிடம் அந்த அசல் இருக்காது.

இதுவரை எல்லாம் ஒழுங்காகவே யோசிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இந்த யோசனை முழுக்க ஒரே ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: ஒரு ஆள், ஒரு போன், ஒரு பிரவுசர். திண்டிவனத்துப் பிரவுசிங் சென்டரில் நடப்பது என்ன? உதவித்தொகைக்கு வந்த மாணவி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். கம்ப்யூட்டர் சென்டர்காரருடையது. "பாப்பா, ஓ.டி.பி வந்துச்சா? சொல்லு" என்பார் அண்ணன். பல சமயம் அந்த போன் அப்பாவுடையது. அவர் மரக்காணம் பக்கம் வேலையில் இருப்பார். அங்கிருந்து போனில் ஆறு இலக்கத்தைப் படித்துச் சொல்வார். ஒப்புதல் பக்கம் திரையில் வந்து, பட்டன் அழுத்தப்பட்டு, போயும்விடும். யார் ஒப்புக்கொண்டார்? சட்டப்படி மாணவி. அழுத்தியது அண்ணன். ஓ.டி.பி போனது அப்பாவுக்கு.

இதில் அண்ணனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் இல்லாவிட்டால் பாதி மாவட்டத்தின் விண்ணப்பங்கள் நகராது. அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதையே பதிவுப் படிவம் கேட்பதில்லை என்பதுதான் என் குறை. 'உங்கள் செயலியைப் பொதுக் கணினியில் பயன்படுத்துவார்களா, இன்னொருவர் உதவியோடு பயன்படுத்துவார்களா' என்று ஒரு கேள்வி இருந்திருந்தால் எவ்வளவோ மாறியிருக்கும்.

எப்படி மாறும்? ஒற்றை உள்நுழைவில் இரண்டு செஷன்கள் உண்டு: செயலியில் ஒன்று, அடையாளச் சேவையில் ஒன்று. செயலியில் 'லாக் அவுட்' அழுத்தினால் முதலாவது மூடும். இரண்டாவது தானாக மூட வேண்டும் என்று கட்டாயமில்லை. அது அந்தச் செயலியை எழுதியவரின் அக்கறையைப் பொறுத்தது. இப்போது மாணவி எழுந்து போகிறார், அடுத்து ஒரு பெரியவர் உட்காருகிறார். வேறொரு தளத்தைத் திறந்து உள்நுழைவுப் பட்டனை அழுத்தினால், ஓ.டி.பி எதுவும் கேட்காமல் மாணவியின் பெயரிலேயே உள்ளே போய்விட வாய்ப்புண்டு. வீட்டு லேப்டாப்பில் இதே விஷயம் வசதி. பொதுக் கணினியில் இது ஓட்டை.

தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. 2014-ல் இறுதியான ஓப்பன்ஐடி கனெக்ட் தரநிலையிலேயே, 'பழைய செஷன் இருந்தாலும் திரும்ப லாகின் கேள்' என்று செயலி சொல்வதற்கு வழி இருக்கிறது. 'இத்தனை நொடிக்கு மேல் பழசான லாகின் செல்லாது' என்றும் சொல்லலாம். செயலியிலிருந்து வெளியேறும்போது அடையாளச் சேவையிலிருந்தும் வெளியேற்றும் முறை 2022-ல் முறையான தரநிலையாகிவிட்டது. அதற்கும் ஒரு திரும்பும் முகவரியைப் பதிவின்போது கொடுக்கலாம். எல்லாம் மேசையில் இருக்கிறது, எடுத்துப் போட யாரும் சொல்வதில்லை.

அடுத்தது பெயர். டிஜிலாக்கர் வழியாக ஒரு தளம் ஆவணம் கேட்டால் வருகிற ஒப்புதல் பக்கத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கேட்பவரின் பெயர், எந்தெந்த ஆவணங்கள், ஒப்புதல் எந்தத் தேதிவரை, எதற்காக என்று அதில் இருக்கும். வடிவமைப்பு பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அங்கே தெரிகிற பெயர் பதிவின்போது கொடுத்த பெயர். அதை ஒப்பந்தக்காரர் தன் கம்பெனி பெயரில் பதிந்திருந்தால், 'உதவித்தொகை' என்று எதிர்பார்த்து வந்த மாணவிக்குக் கேள்விப்படாத ஏதோ ஒரு பெயர் ஆங்கிலத்தில் தெரியும். இதைப் படித்துவிட்டு 'அனுமதி' அழுத்துவதைத் தகவலறிந்த ஒப்புதல் என்பது கொஞ்சம் தாராளமான மொழிபெயர்ப்பு.

இங்கே எனக்கு உண்மையில் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. ஓப்பன்ஐடியின் பதிவுத் தரநிலையில் செயலியின் பெயரைப் பல மொழிகளில் கொடுக்க முடியும். பெயர்ப் புலத்தோடு மொழிக் குறியீட்டைச் சேர்த்தால் போதும். அந்த ஆவணத்திலேயே ஜப்பானிய மொழியில் பெயர் கொடுத்து எடுத்துக்காட்டு வைத்திருக்கிறார்கள். பயனருக்கு எந்த மொழியில் பக்கம் காட்ட வேண்டும் என்று செயலி கேட்பதற்கும் தனி வழி உண்டு. சிங்கப்பூரின் சிங்பாஸ் செயலியைத் தமிழில் பயன்படுத்தலாம். அங்கே தமிழர் எத்தனை பேர், விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். தமிழ்ப் பெயர் கொடுக்காமல் பதிவே முடியாது என்று படிவத்தில் ஒரு கட்டாயப் புலம் வைத்தால் போதும்.

'பதிவுக்கு முன்னால் நாங்கள் சரிபார்க்கிறோமே' என்று சேவை தரப்பில் சொல்லலாம். அந்தச் சரிபார்ப்பு நிறுவனத்தைப் பற்றியது. அது உண்மையான நிறுவனமா, கையெழுத்திட்டவர் அதிகாரம் உள்ளவரா என்று பார்க்கும். தேவையானதுதான். ஆனால் சின்ன அலுவலகங்களுக்கு இந்த வேலையைச் செய்பவர்களுக்குத் தெரியும்: சரிபார்ப்பு முடிந்த ஆறாவது மாதம் பதிந்த பையன் வேறு கம்பெனிக்குப் போயிருப்பான். சீக்ரெட் அவனுடைய பழைய மெயிலில் கிடக்கும். அதை மாற்ற வேண்டும் என்று அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தோன்றாது, ஏனென்றால் அது இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. நான் பார்த்த ஒரு சிறு நிறுவனத்தில் பதிவுக் கணக்கின் தொடர்பு எண், இரண்டு வருடம் முன்பு வேலையை விட்டுப் போனவருடையது. எச்சரிக்கை ஏதாவது வந்திருந்தால் அவருக்குத்தான் போயிருக்கும்.

சார்பதிவாளர் அலுவலகத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. அங்கே தாமதம் உண்டு, தரகர் உண்டு, எல்லாம் உண்டு. ஆனாலும் ஒரு மனைக்கு வில்லங்கச் சான்றிதழ் கேட்டால் யார் யாருக்கு எப்போது எழுதிக் கொடுத்தார் என்று வரிசையாக வரும். என் அடையாளத்தைக் கேட்கும் செயலிக்கு அப்படி ஒரு வில்லங்கம் போட்டுப் பார்க்க முடிய வேண்டும்: யார் பதிந்தது, எந்தத் துறைக்காக, என்னென்ன தகவல் கேட்க அனுமதி வாங்கியிருக்கிறது, கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள். இவ்வளவும் பதிவின்போது வாங்கி வைத்த விவரங்கள்தான். ஒரு பொதுப் பக்கத்தில் தமிழில் போட்டுவிட்டால், மாணவி பார்க்காவிட்டாலும் சென்டர் அண்ணன் பார்ப்பார். சந்தேகம் வந்தால் முதலில் "இரு பாப்பா" என்று சொல்லி நிறுத்தப்போவது அவர்தான்.