சிட்னி, ஒட்டாவா, டிரெஸ்டன்: ஸ்பீக்கர் ஆய்வின் மூன்று மரபுகள்

ஒரு ஸ்பீக்கர் நல்லதா என்பதைக் கணக்கு சொல்லுமா, காது சொல்லுமா? ஆய்வாளர்கள் இதில் ஒரே பக்கம் நின்றதில்லை.

கணக்கு மரபு வேர்விட்டது ஆஸ்திரேலியாவில். துளை வைத்த ஸ்பீக்கர் பெட்டியை ஒரு மின்வடிகட்டியாகவே பாவிக்கலாம் என்று 1961-இல் நெவில் தீல் எழுதினார். கூம்பின் ஒத்ததிர்வு, தணிப்பு, அதைத் தாங்கும் விளிம்பின் நெகிழ்வு ஆகியவற்றை அளந்துகொண்டால் போதும். பெட்டியின் கொள்ளளவையும் துளைக்குழாயின் நீளத்தையும் மரத்தை அறுக்கும் முன்பே தாளில் போட்டுவிடலாம். பத்தாண்டு கழித்து அமெரிக்க ஒலிப்பொறியியல் இதழில் மறுபதிப்பான பிறகே அக்கட்டுரை பரவலாகப் பேசப்பட்டது. சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தெழுத, இருவர் பெயரும் சேர்ந்து 'தீல்-ஸ்மால்' அளவுகள் ஆயின.

காது மரபின் தலைநகர் ஒட்டாவா. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல், ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து, ஒலியளவைச் சமன்செய்து, ஆட்களைக் கேட்கவைத்து மதிப்பெண் வாங்கினார். திரை ஏன் என்பவர்களுக்கு, பின்னாளில் ஷான் ஆலிவுடன் சேர்ந்து அவர் 1994-இல் வெளியிட்ட ஆய்வே பதில். நாற்பது பேர், நான்கு ஸ்பீக்கர்கள். திரையை விலக்கியதும் பெரிய, விலைகூடியவற்றின் மதிப்பெண் ஏறியது; சின்னஞ்சிறு மலிவுப் பெட்டியின் மதிப்பெண் சரிந்தது. கேட்டவர்கள் யாரோ அல்ல, ஸ்பீக்கர் செய்து விற்கும் ஹார்மன் நிறுவனத்தின் ஊழியர்கள்! பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே எழுதப்படும் ஆடியோ விமர்சனங்களை நான் படிப்பது நடைக்காக மட்டுமே.

திரைமறைவில் பிடித்துப்போன ஸ்பீக்கர்களுக்குள் ஓர் ஒற்றுமை இருந்தது. நேர் எதிரே ஒலி மேடுபள்ளமின்றி இருக்கும். பக்கவாட்டில் செல்லும் ஒலியும் அதே சாயலில் சீராகக் குறையும். இதைப் பிடிக்கத்தான் எதிரொலியற்ற அறையில் பத்து டிகிரிக்கு ஒருமுறையாக 70 திசைகளில் அளக்கிறார்கள். சிடிஏ-2034 என்ற தரநிலை இவ்வழி வந்தது. 2004-இல் ஆலிவ் இன்னும் ஓரடி போனார்: 70 ஸ்பீக்கர்களின் அளவீடுகளைக் கொண்டே கேட்போர் விருப்பத்தைக் கணிக்கும் சூத்திரம் தந்தார். கணிப்புக்கும் காதின் தீர்ப்புக்கும் ஒட்டுறவு 0.86. சூத்திரத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு எடை, பேஸ் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதற்கு. அதாவது, தீல் கணக்கிட்டுக் காட்டிய அதே விஷயத்துக்கு.

ஆனால் தீலின் கணக்கு கூம்பு மெல்ல அசையும்வரைதான் செல்லும். ஒலியைக் கூட்டினால் சுருள் காந்தப் புலத்தைவிட்டு விலகும், விளிம்பு விறைக்கும், கம்பி சூடேறும். இவற்றை லேசர் கொண்டு அளந்து கணிதத்தில் வார்த்தவர் டிரெஸ்டனின் வொல்ஃப்காங் கிளிப்பெல். சிறு ஸ்பீக்கரைச் சேதமின்றி உரக்கப் பாடவைக்க அவர் வழி உதவுகிறது. ஆலிவின் சூத்திரத்திலோ இந்தச் சிதைவுக்கென ஓர் உறுப்பும் இல்லை; மெல்லப் பாடும்போதும் அலறும்போதும் ஒரு ஸ்பீக்கருக்கு அது தருவது ஒரே மதிப்பெண்தான்.