எஃப்3 மேல் பழி இல்லை

2013 நவம்பர் 21. சென்னை ஹயாத் ரீஜென்சியில் உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் ஒன்பதாவது ஆட்டம். ஆனந்த் தோற்றது 28-வது நகர்வில் என்பது ஊரறிந்தது. ஆனால் தோல்விக்குத் தொடக்கத்தையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் உண்டு: நிம்சோ-இந்தியனில் நாலாவது நகர்விலேயே எஃப்3 ஆடியது வெறும் சூதாட்டமாம்.

குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தச் சிப்பாய், குதிரைக்கு உரிய இடத்தை எடுத்துக்கொள்கிறது. ராஜா பக்கத்துக் காய்கள் வெளியே வரத் தாமதமாகும். பதிலுக்குக் கிடைப்பது ஈ4, பிறகு நேரடித் தாக்குதல். எட்டாவது நகர்வில், கறுப்பில் ஆடிய எதிராளி கார்ல்சன் சி4 என்று பூட்டியதும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். கறுப்பின் பி சிப்பாய் கீழே இறங்கியது. வெள்ளையின் எஃப் சிப்பாய் எஃப்6 வரை ஏறியது. 3–5 என்று பின்தங்கி, மிச்சமிருக்கும் நாலு ஆட்டத்தில் இரண்டு வெற்றியாவது தேவைப்பட்டவருக்கு இதைவிட நல்ல பலகை எங்கே கிடைக்கும்?

இப்போது அந்த 28-வது நகர்வு. கறுப்புச் சிப்பாய் பி1-ல் ராணியாகிச் செக் வைத்திருக்கிறது. வெள்ளை ராணி எச்6-ல். யானை எச்4-க்கு வந்தால் எச்7-ல் மேட். செக்கை மறைக்க பிஷப்பை எஃப்1-ல் வைத்திருந்தால், ஜி3-ல் நின்ற குதிரை ஈ1-லிருந்து எச்4-க்குப் போகும் மூலைவழியை அடைத்தே நின்றிருக்கும். கார்ல்சன் ராணியைப் பலி கொடுத்துத்தான் தப்பியிருக்க வேண்டும். ஆட்டம் ஏறக்குறைய சமம். ஆனந்த் குதிரையையே எஃப்1-க்கு இழுத்தார். வழி திறந்தது, கறுப்பு ராணி ஈ1-க்கு வந்தது. யானை எச்4-க்குப் போனால் ராணி வெட்டிவிடும். அங்கேயே கைகொடுத்துவிட்டார். 23-வது நகர்வுக்கு அரை மணிக்கு மேல் யோசித்தவர், இதை மளமளவென்று ஆடினார்.

ஆக, 27 நகர்வு வரை தொடக்கம் தன் வேலையைச் செய்தது. என் குறை வேறு. அதற்கு முன் வெள்ளையில் ஆடிய நாலு ஆட்டத்திலும் ஆனந்தின் முதல் நகர்வு ஈ4-தான்; நிம்சோவுக்கு வழிவிடும் டி4 ஒன்பதாவதில்தான் வந்தது. மூன்றில் பெர்லின் தற்காப்பு எதிர்ப்பட்டது. ஆறாவதில் வெள்ளையிலேயே தோற்றார். ஓய்வு நாள் கழித்து ஏழாவதிலும் வெள்ளையே வாய்த்தது; மறுபடி ஈ4, மறுபடி பெர்லின், டிரா. டி4-க்கு எதிராக கார்ல்சன் நிம்சோவைத்தான் எடுத்திருப்பார் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். பெர்லின் வராது என்பதாவது நிச்சயம். ஸ்கோர் அப்போது 2–4. ஆறு ஆட்டம் பாக்கி, அதில் மூன்று வெள்ளை. டி4 வந்திருக்க வேண்டியது அந்த ஏழாவது ஆட்டத்தில்.