சும்மா கிடந்த குதிரை

சென்னையில் நண்பர் ஒருவர் வீட்டு வரவேற்பறையில் ஐயனார் கோயில் மண்குதிரை ஒன்றைக் கண்டேன். வார்னிஷ் பூசி, மேலே விளக்கும் போட்டிருந்தார். "கோயிலடியில் சும்மா கிடந்தது. மழையில் இடிந்துபோகுமே என்று எடுத்து வந்தேன். என்ன லட்சணம் பார்த்தீர்களா!" என்றார்.

லட்சணந்தான், மறுக்கவில்லை. ஆனால் அது சும்மா கிடக்கவில்லை.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் புரவி எடுப்பு என்றால் முதலில் ஊரார் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். அந்த மண்ணோடுதான் வேலை தொடங்கும். சூளை பிரித்து, வர்ணம் தீட்டி, கண் திறந்த பிறகே அது புரவி. அதுவரை பானைக்கு உறவுதான். தோளில் சுமந்து போய்க் கோயிலில் இறக்கியதும் ஊரின் கடன் தீர்ந்தது. அப்புறம் வெயிலும் மழையும் அதைத் தின்னலாம். மறுமுறை புதுக் குதிரை வரும். இடிவதும் அதன் வேலையில் சேர்த்திதான்.

அமெரிக்காவில் அரிசோனாவில் ஹோப்பி மக்கள் இருக்கிறார்கள். எங்கள் கோவில்பட்டிக் கரிசலைப்போல வானம் பார்த்த பூமி. அவர்களுக்கு மக்காச்சோளம், எங்களுக்குப் பருத்தியும் கம்பும். மழை கொண்டுவரும் தேவதைகளைக் கச்சினா என்பார்கள். முகமூடி தரித்து ஆடுகிறவர்கள், மரவேரில் செதுக்கிய கச்சினா பொம்மைகளைச் சிறுமிகளுக்குக் கொடுப்பார்கள். வீட்டில் தொங்கும் பொம்மையைப் பார்த்துப் பார்த்தே குழந்தை தன் தெய்வங்களை அறிந்துகொள்ளும்.

விற்பதற்கென்றும் அவர்கள் பொம்மை செதுக்குகிறார்கள். வாங்குவதில் பாவமில்லை. முகமூடி அப்படியல்ல. 2013 ஏப்ரலில் பாரிஸில் ஹோப்பி முகமூடிகளை ஏலம் போட்டார்கள். ஹோப்பிகள் நீதிமன்றம் போயும் நிற்கவில்லை. டிசம்பரில் நடந்த இன்னோர் ஏலத்தில் ஓர் அமெரிக்க அறக்கட்டளை 24 புனிதப் பொருள்களை வாங்கி, உரியவர்களிடமே சேர்ப்பித்தது. அவற்றில் 21 ஹோப்பிகளுடையவை. ஏலம் கேட்டவர்களும் லட்சணத்தைத்தான் பார்த்திருப்பார்கள்.

உருவத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் விமரிசனம் பாதி விமரிசனம். யார் மண் கொடுத்தது, யாருக்காகச் செய்தது, எங்கே கிடந்து அழிய வேண்டியது என்பவையும் அந்தக் கலையின் அங்கங்கள்.

இதை நண்பரிடம் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. கரிசல்காட்டு மனிதர்களின் பேச்சையும் துக்கத்தையும் எடுத்து வந்து, கொஞ்சம் வார்னிஷ் பூசிப் பத்திரிகைகளில் நிறுத்திவைக்கிறவன்தானே நானும்? பிடிமண் கொடுத்தவர்களுக்கு நான் எந்தப் புரவியைச் செய்து இறக்கினேன்?

அந்தக் குதிரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கண் திறந்த குதிரை.