ஐ-20இன் இரண்டாம் பக்கம்

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கும் நம் பிள்ளைகளிடையே கோடை விடுமுறைக்கு முந்தைய மாதங்களில் இரண்டு கேள்விகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டே வரும். இன்டர்ன்ஷிப் ஆஃபர் வந்துவிட்டதா? சி.பி.டி. போட்டாயிற்றா? முதல் கேள்விக்குப் பின்னால் மாதக்கணக்கான உழைப்பும் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருக்கின்றன. இரண்டாவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு படிவம், இரண்டு கையெழுத்து, ஒரு மின்னஞ்சல். குடியேற்றச் சட்டத்தின் மிக நெகிழ்வான ஒரு மூலையில் காலை வைக்கிறோம் என்ற உணர்வே இல்லாமல் அந்தக் காரியம் முடிந்துவிடுகிறது. சி.பி.டி.யின் பெருமை இந்த எளிமையில்தான் இருக்கிறது. அதன் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவர், படிப்பு முடிவதற்கு முன்பே, பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக வளாகத்துக்கு வெளியே வேலைப் பயிற்சி பெற சி.பி.டி. என்ற இந்த அனுமதி தேவை. பொதுவாக ஒரு கல்வியாண்டு முழுநேரம் படித்திருக்க வேண்டும். படிக்கும் துறையோடு தொடர்புள்ள வேலைக்கான ஆஃபர் லெட்டர் கையில் இருக்க வேண்டும். துறை ஆலோசகர் ஒப்புதல் தர வேண்டும். அதன்பின் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இருக்கும் டி.எஸ்.ஓ. என்ற அதிகாரி, செவிஸ் எனப்படும் அரசுத் தரவுத்தளத்தில் நிறுவனத்தின் பெயர், இடம், தொடங்கும் நாள், முடியும் நாள், முழுநேரமா பகுதிநேரமா என்ற விவரங்களை ஏற்றுவார். மாணவரின் தகுதிச் சான்றான ஐ-20 புதிதாக வரும். அதன் இரண்டாம் பக்கத்தில் அந்த விவரங்கள் அச்சாகியிருக்கும். அந்தப் பக்கம்தான் அனுமதி. தனி அட்டை கிடையாது, அரசுக்குக் கட்டணம் கிடையாது, குடியேற்றத் துறையின் வாசலை மிதிக்கவே வேண்டியதில்லை.

படிப்பு முடித்தபின் பெறும் ஓ.பி.டி. என்ற வேலைப் பயிற்சி அனுமதியோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். ஓ.பி.டி.க்கு ஐ-765 படிவத்தைக் குடியேற்றத் துறைக்கே அனுப்ப வேண்டும். இணையவழி விண்ணப்பத்துக்கான கட்டணம் 2024 ஏப்ரலில் 470 டாலர் ஆனது. படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். அனுமதி அட்டை வந்து, அதில் குறித்த நாள் பிறக்கும்வரை வேலைக்குப் போக முடியாது. பன்னிரண்டு வாரமே நீளும் கோடைப் பயிற்சிக்கு இப்படிக் காத்திருக்கச் சொன்னால், அனுமதி வருவதற்குள் இலையுதிர்காலம் வந்துவிடும். கனடா பல ஆண்டுகள் கையாண்ட கோ-ஆப் அனுமதி முறையை நினைத்துப் பார்க்கலாம். படிப்பு அனுமதிக்கு மேல் தனியாக ஒரு வேலை அனுமதி, கட்டணம் இல்லை. ஆனால் அதற்கு அடிப்படை என்ன? பட்டம் பெற இந்தப் பயிற்சி கட்டாயம், அது மொத்தப் படிப்பில் பாதிக்கு மேல் போகாது என்று கல்லூரி தரும் கடிதம். கல்லூரி சொன்னதையே அரசு தன் தாளில் இன்னொரு முறை எழுதித் தர மாணவர் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருந்தார். அந்த விதத்தில் அமெரிக்க முறை நேர்மையானது. முடிவெடுப்பவர் யாரோ அவரிடமே பேனாவைக் கொடுத்துவிடுகிறது.

இதற்கு நல்ல மரபும் உண்டு. 1906இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் பொறியியல் மாணவர்களை வகுப்புக்கும் தொழிற்சாலைக்கும் மாற்றி மாற்றி அனுப்பத் தொடங்கினார். பாஸ்டனின் நார்த்ஈஸ்டர்ன் 1909இலும் ஃபிலடெல்ஃபியாவின் ட்ரெக்ஸல் 1919இலும் அதே வழியில் இறங்கின. நம் பொறியியல் கல்லூரிகளில் இறுதிப் பருவத்து புராஜெக்ட் பல சமயம் கடையில் விலைக்கு வாங்கப்படுவதைப் பார்த்தவர்களுக்கு, ஆறு மாதம் ஒரு நிறுவனத்தில் உட்கார்ந்து உண்மையான வேலை செய்வது எவ்வளவு பெரிய கல்வி என்று சொல்லத் தேவையில்லை. சம்பளமும் சும்மா இல்லை. ஊரில் வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கி வந்தவருக்கு ஒரு கோடைச் சம்பளம் அடுத்த பருவத்துக் கட்டணத்தில் ஒரு பங்கையாவது அடைக்கும். முழுநேர வேலைக்கு ஆள் எடுக்கும்போது பல நிறுவனங்கள் முதலில் பார்ப்பது தங்களிடம் இன்டர்ன்ஷிப் செய்தவர்களைத்தான்.

குறைகளில் சிலவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். பல பல்கலைக்கழகங்களில் சி.பி.டி. வேண்டுமானால் அதற்கென்று ஒரு கிரெடிட் பாடத்தில் பதிவுசெய்ய வேண்டும். ஆசிரியர் யாரும் பாடம் நடத்தாத கோடைக்குக் கட்டணம் கட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும். முழுநேர சி.பி.டி. பன்னிரண்டு மாதத்தைத் தொட்டால் அந்தப் பட்டத்துக்கான ஓ.பி.டி. உரிமை போய்விடும், அதனால் 364ஆம் நாளோடு நிறுத்திக்கொள்ளும் கணக்கு மாணவர்களிடையே மனப்பாடம். வாரத்துக்கு இருபது மணி நேரம் வரையிலான பகுதிநேர சி.பி.டி.க்கு அந்தக் கணக்கே கிடையாது. சட்டத்தில் கோடு எங்கே கிழித்திருக்கிறதோ அதற்கு ஓரங்குலம் இந்தப் பக்கம் நிற்கக் கற்றுக்கொடுப்பது எந்தக் கல்வி நோக்கத்துக்கு உதவுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் இவை பொறுத்துக்கொள்ளக்கூடிய அபத்தங்கள்.

பொறுக்க முடியாதது வேறு. பயிற்சி பாடத்திட்டத்தோடு பிரிக்க முடியாதபடி பிணைந்ததாக இருக்க வேண்டும் என்கிறது விதி. எந்த அளவுக்குப் பிணைந்திருந்தால் போதும் என்று அது அளந்து சொல்வதில்லை. ஒரு கல்வியாண்டு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையிலும் ஒரு விலக்கு: முதுகலை, ஆய்வுப் படிப்புகளில் உடனடிப் பயிற்சியைப் பாடத்திட்டமே கட்டாயமாக்கியிருந்தால் காத்திருக்க வேண்டாம். சமூகப்பணி போன்ற துறைகளில் முதல் பருவத்திலேயே களப்பணி தொடங்கிவிடும் என்பதால் இந்த விலக்கு நியாயமானதே. அந்தச் சந்தின் வழியாகத்தான் டே ஒன் சி.பி.டி. என்று எல்லாரும் அழைக்கும் வியாபாரம் நுழைந்தது. சேர்ந்த நாளிலிருந்து முழுநேர வேலை. பருவத்துக்குச் சில வார இறுதிகள் மட்டும் வகுப்பு. ஏற்கெனவே ஒரு எம்.எஸ். முடித்து, ஓ.பி.டி.யும் தீர்ந்து, ஆண்டுக்கு 85,000 இடங்களே உள்ள ஹெச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கலில் பெயர் வராதவர்கள் இங்கே வந்து இரண்டாவது முதுகலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ சேர்கிறார்கள். அவர்கள் தேடி வருவது பட்டத்தை அல்ல. அடுத்த ஆண்டுக் குலுக்கல்வரை வேலையை விடாமல் இருக்க ஒரு தாள் வேண்டும்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லட்சக்கணக்கில் கடனோடு, நல்ல வேலையில் இருக்கும் ஒருவரிடம் குலுக்கலில் தோற்றாய், மூட்டை கட்டு என்று சொன்னால், அவர் திறந்திருக்கும் கதவைத் தட்டத்தான் செய்வார். கல்லூரியின் நிலைதான் கேள்விக்குரியது. கட்டணம் வாங்குவதும் அதுவே, இந்தப் பயிற்சி படிப்புக்கு அவசியம் என்று கையெழுத்திடுவதும் அதுவே. தன் கடைச் சரக்குக்குத் தானே தரச்சான்று எழுதிக்கொள்வதைப் போன்றது இது. பெரும்பாலான டி.எஸ்.ஓ.க்கள் கறாரானவர்கள், மாணவர்கள் அவர்களைத் திட்டுவதே அதற்குச் சான்று. ஆனால் ஒரு முறையின் தரம் கறாரானவர்களால் மட்டும் நிர்ணயமாவதில்லை. கறாராக இல்லாதவரை அது எங்கே நிறுத்துகிறது என்றும் பார்க்க வேண்டும்.

நிறுத்தாதபோது என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பெயர்கள் போதும். கலிஃபோர்னியாவின் ட்ரை-வேலி பல்கலைக்கழகம் 2011 ஜனவரியில் சோதனைக்குள்ளானது. அதன் மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரே அடுக்ககக் குடியிருப்பில் வசிப்பதாகப் பதிவேடு சொன்னது. அவர்கள் உண்மையில் நாடெங்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில இந்திய மாணவர்களின் காலில் கண்காணிப்புப் பட்டை மாட்டப்பட்டது; இந்தியாவில் அது பெரிய கொந்தளிப்பானது. மற்றது மிச்சிகனின் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம். அதை நடத்தியதே அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை. இணையதளம் இருந்தது, கட்டணம் வசூலானது, சி.பி.டி. கிடைத்தது. 2019 ஜனவரி இறுதியில் பொறி மூடியபோது முதல் சுற்றில் கைதான 130 பேரில் 129 பேர் இந்தியர்கள். ஆள் சேர்த்துவிட்ட எட்டு இடைத்தரகர்கள் மீது வழக்கு. இந்திய அரசு அமெரிக்கத் தூதரகத்திடம் முறைப்படி ஆட்சேபம் தெரிவித்தது. நம்பிப் பணம் கட்டி ஏமாந்தோம் என்று மாணவர் தரப்பில் தொடுத்த வழக்கு முதலில் தள்ளுபடியாகி, 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மறுபடி உயிர் பெற்றது.

வகுப்பே இல்லாத இடத்தில் சேர்ந்தது தெரியாமலா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. தெரிந்தே சேர்ந்தவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். ஆனால் அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டென்று பட்டியல் காட்டியது, செவிஸ் ஐ-20 அச்சிட்டது. மாணவர் சரிபார்க்கக்கூடிய எல்லாத் தாள்களும் சரியாகவே இருந்தன. டி.எஸ்.ஓ.வின் கையெழுத்தே இறுதி அனுமதி என்று சொல்லும் ஒரு முறையில், அந்தக் கையெழுத்தை நம்பியது குற்றமாகிறது. பொய்ப் பல்கலைக்கழகத்தோடு இது நின்றுவிடுவதில்லை. முறையான கல்லூரியில், முறையாக சி.பி.டி. பெற்றவரிடமும் பிற்பாடு ஹெச்-1பி மனு போடும்போது குடியேற்றத் துறை விளக்கம் கேட்கிறது. அந்தப் பயிற்சி படிப்புக்குத் தேவைப்பட்டதா, வகுப்புக்கு நேரில் போனீர்களா, வருகைப் பதிவு எங்கே, கட்டண ரசீது எங்கே. அனுமதி தரும் நாளில் ஒதுங்கி நின்ற துறை, பிற்பாடு வந்து அதே அனுமதியைத் தோண்டுகிறது. கையெழுத்திட்ட கல்லூரி அங்கே பதில் சொல்லக் கடமைப்பட்டதல்ல. பதில் சொல்ல வேண்டியவர் மாணவர்.

இதனால்தான் சிலர், கனடா செய்ததுபோல் அனுமதியை அரசே கொடுக்கட்டும் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கல்லூரிக் கடிதத்தைப் பார்த்து அரசு அலுவலர் முத்திரை குத்தினால் தாமதம்தான் கூடும், சோதனை கூடாது. இந்த இரண்டு முறைகளிலுமே கேள்வி முழுவதும் மாணவரை நோக்கியது. வேலை கொடுப்பவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. என்ன கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள், யார் மேற்பார்வை, அதே வேலைக்கு உள்ளூர்க்காரருக்கு என்ன சம்பளம்? சி.பி.டி.க்கு ஓர் ஆஃபர் லெட்டர் போதும். ஊர் பேர் தெரியாத கன்சல்டன்சிகள் அதை அரை மணியில் அடித்துத் தருகின்றன.

இந்தக் கேள்விகளைக் கேட்கும் படிவம் அமெரிக்க அரசிடமே இருக்கிறது. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்கு ஓ.பி.டி.யை 24 மாதம் நீட்டித்த 2016ஆம் ஆண்டு விதி ஐ-983 என்ற பயிற்சித் திட்டத்தைக் கட்டாயமாக்கியது. அதில் நிறுவனமும் கையெழுத்திட வேண்டும். கற்றல் குறிக்கோள், மேற்பார்வை, சம்பளம் எல்லாம் எழுத்தில் வர வேண்டும். அரசு நேரில் வந்து பார்க்கவும் செய்யலாம். படிப்பு முடித்துப் பட்டத்தோடு நிற்பவருக்கு இவ்வளவு பாதுகாப்பு. படித்துக்கொண்டே, கல்வியின் பெயராலேயே வேலைக்குப் போகிறவருக்கு, நாடு முழுமைக்குமான ஒரு விதியாக, இதில் எதுவும் இல்லை. வரிசை தலைகீழாக இருக்கிறது.

ஐ-983இன் சுருக்கமான வடிவம் ஒன்றைச் சி.பி.டி.க்கும் கொண்டுவந்து, அனுமதிக்கும் அதிகாரத்தை டி.எஸ்.ஓ.விடமே விட்டுவைக்கலாம். சிறு நிறுவனங்கள் தாள் வேலைக்குப் பயந்து வெளிநாட்டு மாணவர்களை ஒதுக்கிவிடும் என்ற ஆட்சேபம் உடனே எழும். ஓரளவு உண்மைதான், கோடைக்கு மூன்று மாதம் வந்து போகிறவருக்காக இரண்டு பக்கம் எழுதச் சலித்துக்கொள்ளும் முதலாளிகள் இருப்பார்கள். அப்படிச் சில நல்ல வாய்ப்புகள் கைநழுவும். என்றாலும், என்ன கற்றுக்கொடுப்பேன் என்று இரண்டு பக்கம் எழுத மறுக்கும் இடத்தில் நடக்கப்போவது பயிற்சியாக இருக்க வாய்ப்பு குறைவு. அந்த வேலைக்குப் போய்விட்டு, மூன்று வருடம் கழித்து அது பயிற்சிதான் என்று குடியேற்றத் துறைக்கு நிரூபிக்கப் படாதபாடு படுவதைவிட, அந்த ஆஃபர் வராமலே போவது மாணவருக்கு நட்டம் குறைந்த வழி.