புளி போட்டுத் தேய்த்தால் போகிற பழமை

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். நாலு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு கடையில் ஐந்துமுகக் குத்துவிளக்கு ஒன்றைப் பார்த்தேன். முழங்கால் உயரம். தண்டின் வளையங்களுக்கு நடுவே கருப்பு ஏறியிருந்தது. உச்சியில் நின்ற அன்னத்தின் இறகுக் கோடுகளில் அழுக்கு இறங்கியிருந்தது. மேடான இடங்களில் மட்டும் மங்கலாகப் பித்தளை தெரிந்தது. கையில் எடுத்ததுமே கடைக்காரர் சொல்லிவிட்டார்: "தம்பி, அது பழசு இல்ல. ஆன்டிக் ஃபினிஷ். நாச்சியார்கோவில் பக்கம் செஞ்சது. பழசு வேணும்னா உள்ள இருக்கு, விலை வேற."

நேர்மையான மனிதர். நான் வாங்கியதும் அந்தப் பழசு இல்லாத விளக்கைத்தான். பக்கத்திலேயே அதே அச்சில் வார்த்து, பளபளவென்று மெருகேற்றிய விளக்கும் இருந்தது. அதைவிட இதற்கு விலை கூட. அதாவது, அழுக்குக்கென்று தனியாகக் காசு கொடுத்திருக்கிறேன். அப்போது அது உறைக்கவில்லை.

வீட்டில் கொண்டுவந்து வைத்ததும் அப்பாயி கேட்டது ஒரே கேள்வி: "ஏன்டா, விளக்கக்கூட ஆளில்லாத வீட்டுலேருந்தா இத எடுத்துட்டு வந்த?"

தமிழில் விளக்கு என்றால் விளக்கு. விளக்கு என்றால் தேய்த்துக் கழுவு. விளக்கு என்றால் புரியவை. மூன்றுக்கும் ஒரே சொல். அப்பாயி முதல் இரண்டைச் சேர்த்துக் கேட்டாள். மூன்றாவதை நான் இந்தக் கட்டுரையில் செய்து பார்க்கிறேன். பழைய எண்ணெய் விளக்குகளைப் பார்த்து இன்று கையால் செய்யப்படும் நகல்கள் எதை நகலெடுக்கின்றன? எதை விட்டுவிடுகின்றன?

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன். நகல் என்பதை நான் திட்டவரவில்லை. விளக்குத் தொழிலே நகலெடுக்கிற தொழில்தான்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நாச்சியார்கோவிலின் குத்துவிளக்கு புவிசார் குறியீடு பெற்றது. அங்கே விளக்கை ஒரே துண்டாக வார்ப்பதில்லை. அடி தனி, தண்டு தனி, எண்ணெய் நிற்கும் தட்டு தனி, உச்சி தனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி உண்டு. இரண்டு பாதியாகப் பிரியும் பெட்டியில் காவிரிக் கரையின் வண்டல் மண்ணை இறுக்கி, மாதிரியை அதில் அழுத்தி எடுத்தால் அதன் உருவம் பள்ளமாக மண்ணில் நிற்கும். மூசையில் உருக்கிய பித்தளையை அந்தப் பள்ளத்தில் ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்து எடுத்து, அரத்தால் ராவி, கடைசல் பிடித்து, திருகு மரை போட்டு ஒன்றோடொன்று பூட்டினால் விளக்கு.

ஊற்றும் நேரம்தான் சிக்கல். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. துத்தநாகம் 907 பாகை செல்சியஸில் கொதித்துவிடும். உலையில் கொஞ்சம் கூடப்போனால் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். கலவையும் கெடும், ஆளின் நெஞ்சும் கெடும். சூடு குறைந்தாலோ உலோகம் அச்சின் மூலைவரை ஓடாமல் பாதியில் உறைந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற குறுகலான இடத்தில்தான் வார்ப்பவரின் கண் வேலை செய்கிறது.

இப்போது மாதிரிக்கு வருவோம். ஒரு பழைய விளக்கின் தண்டையே மாதிரியாக வைத்து அச்செடுக்கலாம். ஆனால் பித்தளை உறைந்து ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு பங்கு சுருங்கும். எனவே பிள்ளை தாயைவிடச் சிறிசாக இருக்கும். அந்தப் பிள்ளையை மாதிரியாக வைத்தால் பேரப்பிள்ளை இன்னும் சிறிசு. கோடுகளும் ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் மழுங்கும். அதனால் நல்ல பட்டறையில் சுருக்கத்தைக் கணக்குப் பண்ணி மாதிரியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்வார்கள். வார்த்தபின் உளியால் கோடுகளை மறுபடி கீறுவார்கள். அன்னத்தின் கண்ணை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத் திறக்க வேண்டியிருக்கிறது.

சோழர் கல்வெட்டுகளில் இதற்கு ஒரு அருமையான பெயர் கிடைக்கிறது. கோவிலில் அணையாமல் ஒரு விளக்கு எரிய 96 ஆடுகளைக் கொடையாகக் கொடுப்பார்கள். ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளைக் கல்வெட்டு "சாவா மூவாப் பேராடு" என்கிறது. சாகாத, மூப்படையாத ஆடுகள். எந்த ஆடுதான் சாகாது? கிழடு கழியும், குட்டி வரும், எண்ணிக்கை 96-லேயே நிற்கும். மந்தைக்கு வயசாவதில்லை.

நாச்சியார்கோவில் விளக்கை நான் அந்த மந்தையில்தான் சேர்ப்பேன். போன வாரம் வார்த்த விளக்கும் அப்பாயியின் மாமியார் கொண்டுவந்த விளக்கும் ஒரே மந்தை. புதியது பழையதைப் போல நடிக்கவேண்டிய அவசியமே இல்லை. அது ஏற்கெனவே அதுதான்.

அப்படியென்றால் ஆன்டிக் ஃபினிஷ் என்ன செய்கிறது?

வேலை இப்படி நடக்கும். பூட்டி முடித்த விளக்கை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவுவார்கள். கந்தகச் சேர்மம் கலந்த கரைசலிலோ அம்மோனியா ஆவியிலோ வேறு அமிலக் கலவையிலோ காட்டினால் பித்தளை முழுக்கக் கருக்கும். பிறகு மேடான இடங்களை மட்டும் உரசி வெளுக்கவைப்பார்கள். பள்ளங்களில் கருப்பு தங்கும். கடைசியாக மேலே லாக்கர் பூச்சு. அது காய்ந்ததும் அந்தக் கருப்பு அப்படியே நின்றுவிடும். இதிலும் கைத்திறமை உண்டு. எங்கே உரசுவது, எங்கே விடுவது என்று தெரியாதவர் செய்தால் விளக்கு தீப்பிடித்த கடையிலிருந்து எடுத்து வந்த மாதிரி இருக்கும்.

ஆனால் அந்தத் திறமை எந்த விளக்கைப் பார்த்து வந்தது? எங்கள் வீட்டு விளக்கைப் பார்த்து வந்ததில்லை. அதற்கு எப்படியும் எண்பது, தொண்ணூறு வயது இருக்கும். வெள்ளிக்கு வெள்ளி புளியும் சாம்பலும், பிறகு பீதாம்பரியும் பட்டுப்பட்டு அது தங்கம் மாதிரிதான் இருக்கிறது. அதன் வயசு நிறத்தில் இல்லை. அன்னத்தின் கண் காணாமல் போய்விட்டது. இறகுக் கோடு தடவினால்தான் தெரியும். தண்டின் நடுவில், தூக்கும்போது கைபிடிக்கிற இடத்தில், வளையங்கள் உருண்டு போயிருக்கின்றன. பள்ளங்களில் இருப்பது கருப்பு இல்லை, காய்ந்துபோன புளிப்பிசுக்கு. தேய்த்துத் தேய்த்து வந்த வயசு அது.

நான் வாங்கிய விளக்கில் எல்லாமே தலைகீழ். முந்நூறு வருஷ அழுக்கு. ஆனால் அன்னத்தின் கண் நேற்றுக் கீறியது போலக் கூர்மை. உடம்பு கிழவருடையது, பல் முழுக்க பால்பல். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, அவ்வளவு காலம் ஒரு விளக்கு இருந்தும் யார் கையும் அதன் மேல் படவில்லை என்றால் அது எங்கே இருந்திருக்கும்? பூட்டிய வீட்டின் பரண்மேல். அல்லது கண்ணாடிப் பெட்டிக்குள்.

கோவில் பிரகாரத்து விளக்குகள் கருப்பாகத்தானே இருக்கின்றன என்று கேட்கலாம். சரிதான். ஆனால் அது எண்ணெயும் புகையும் சேர்ந்து படிந்த பிசுக்கு. தொட்டால் விரலில் ஒட்டும். எரிந்துகொண்டே இருப்பதால் வந்த கருப்பு. லாக்கருக்குக் கீழே இருக்கும் கருப்பு யார் விரலிலும் ஒட்டாது.

கண்ணாடிப் பெட்டிக் கருப்புக்கும் நியாயம் உண்டு. புனேயில் ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகம் விளக்குச் சேகரிப்புக்காகவே பேர்போனது. அப்படி ஒரு இடத்தில் போய்ப் புளி போட்டுத் தேய்த்தால் அது குற்றம். உலோகத்தின் மேல் படிந்த படலமும் அங்கே சரித்திரம். காரணம், அந்த விளக்குகள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டன. ஓய்வு பெற்ற விளக்கின் முகத்தை எடுத்துப் பிறந்து ஒரு வாரமான விளக்குக்கு மாட்டுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

சட்டத்தின் பக்கம் போனால் இது இன்னும் வேடிக்கை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேலான கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பழசு போலத் தெரிகிற ஒன்றை அனுப்பும்போது சந்தேகம் வந்தால், இது தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். பழசு மாதிரி இருப்பதற்காகவே விலை கொடுக்கிற ஒருவருக்கு, பழசு இல்லை என்ற காகிதத்தோடு விளக்கு போய்ச் சேர்கிறது.

என் உண்மையான புகார் வேறு. அது பளபளப்பைப் பற்றியது.

மெருகேற்றிய பித்தளை எதையும் மறைக்காது. வார்ப்பில் காற்று மாட்டிக்கொண்டு விழுந்த ஊசித்துளை, அச்சின் இரண்டு பாதியும் சரியாகப் பொருந்தாததால் வந்த விளிம்பு, அரம் தவறிய கீறல் எல்லாம் வெளிச்சத்தில் பல்லைக் காட்டும். ஒரு பட்டறையில் பளபளப்புதான் முதல் விமர்சகர். கருப்பு பூசும்போது அந்த விமர்சகரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம். ஊசித்துளைகூடப் பழமையின் அடையாளமாகிவிடுகிறது. "ஓட்டையா? அது அந்தக் காலத்து வேலைங்க" என்று சொல்லிவிடலாம். புதிதாக வேலை பழகுகிற ஒரு பையன் தன் தப்பைத் தன் கண்ணால் பார்க்காமலே மேஸ்திரி ஆகிவிட முடியும்.

இலக்கிய இதழில் இதை ஏன் எழுதுகிறாய் என்று இந்நேரம் கேட்டிருப்பீர்கள். இதே பூச்சை நான் கதைகளிலும் பார்க்கிறேன். திண்ணை, அரிக்கேன் விளக்கு, வெற்றிலைச் செல்லம், இரண்டு வட்டாரச் சொல். பள்ளங்களில் கருப்பு நன்றாக இறங்கியிருக்கும். தேய்த்துப் பார்த்தால் ஊசித்துளை. நானும் அப்படி இரண்டு கதை எழுதியிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

அப்படியானால் நல்ல நகல் எது? ஓர் உதாரணம் தூண்டாமணி விளக்கு. சங்கிலியில் தொங்கும், மேலே யானை வயிற்றிலோ மணி போன்ற குடுவையிலோ எண்ணெய் இருக்கும். தட்டில் எண்ணெய் எரிந்து மட்டம் இறங்கினால் ஒரு துளை வெளியே தெரியும். அதன் வழியாகக் காற்று குடுவைக்குள் ஏற, எண்ணெய் கீழே இறங்கும். மட்டம் உயர்ந்து துளை மூடினால் தானாக நின்றுவிடும். யாரும் வந்து எண்ணெய் விடவேண்டியதில்லை. இன்று விற்கிற யானை விளக்குகளில் யானை உண்டு, சங்கிலி உண்டு, பல சமயம் கருப்பும் உண்டு. வயிற்றில் துளை இருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள். வேறு எங்காவது காற்று கசிந்தால் இந்த வித்தை பலிக்காது. எனவே துளை வைத்துச் செய்வதென்றால் வார்ப்பு குறையில்லாமல் இருக்க வேண்டும். வேலை செய்கிற நகலை ஏமாற்றிச் செய்ய முடியாது. பழைய ஆசாரியின் மூளையை நகலெடுத்தவர் அவர்தான். கருப்பு பூசியவர் நகலெடுத்தது அந்த ஆசாரி செய்யவே செய்யாத ஒன்றை.

கருப்பு விற்கிறது, பளபளப்பு தேங்குகிறது என்றால் பட்டறைக்காரர் என்ன செய்வார்? அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அம்மோனியா நெடியில் கண் எரிய நிற்பது அவர். அதற்கு விலை வைத்தது என்னைப் போன்ற ஆட்கள். வரவேற்பறையில் ஒரு பாரம்பரியம் வேண்டும், ஆனால் வெள்ளிக்கிழமை உட்கார்ந்து தேய்க்க மாட்டோம். இந்த இரண்டு ஆசைக்கும் சேர்த்துச் செய்த பொருள்தான் ஆன்டிக் ஃபினிஷ்.

போன கார்த்திகைக்கு அந்த விளக்கை ஏற்றிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் திரி நின்ற முகத்தில் லாக்கர் சூடேறிக் கொப்பளித்தது. நாற்றம். மறுநாள் அப்பாயி புளியைக் கரைத்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். லாக்கர் இருக்கும்வரை புளி உள்ளே போகவில்லை. பெயின்ட் கடையில் தின்னர் வாங்கி வந்து நான் துடைத்துக் கொடுக்க, அதன்பிறகு அரை மணி நேரத்தில் முந்நூறு வருஷமும் சாக்கடையில் போயிற்று. மஞ்சளாக, கொஞ்சம் வெட்கத்தோடு, ஒரு புது விளக்கு. தண்டில் இரண்டு ஊசித்துளை.

அதை எடுத்துக்கொண்டு நாச்சியார்கோவிலுக்கே போனேன். ஒரு பட்டறையில் காட்டினேன். அவர் செய்ததில்லை, ஆனால் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துளையில் நகத்தை வைத்துப் பார்த்தார்.

"கருப்ப ஏன் தம்பி எடுத்தீங்க? நல்லாத்தான மறைஞ்சிருந்துச்சு."

"ஏத்தணும்ண்ணே. அதான்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தண்டைத் திருகிக் கழற்றித் தனியாக வைத்தார். "இத விட்டுட்டுப் போங்க. வேற தண்டு ஊத்தித் தரேன். அடுத்த வாரம் வாங்க" என்றார்.