மாற்றச் சென்றவர் மாறினார்!

உங்கள் இயேசு எங்களைப் போல் கருநிறத்தவரா, உம்மைப் போல் வெண்ணிறத்தவரா என்று கேட்டனர், எழுத்தறியாத காட்டு மக்கள் சிலர். கேட்கப்பட்டவர், அவர்களைக் கரையேற்றவென்று அமெரிக்காவிலிருந்து வந்த கிறித்தவ ஊழியர். தாம் அவரைக் கண்டதில்லை என்றார். அவர் வாழ்ந்தது நெடுங்காலத்துக்கு முன்பு, ஆயினும் அவருடைய சொற்கள் தம்மிடம் உள்ளன என்றார். காணாமலும் கேளாமலும் அவர் சொற்களை எங்ஙனம் பெற்றீர் என்று திரும்பக் கேட்டனர் அம்மக்கள். ஊழியரிடம் பதில் இல்லை.

கல்லூரி கண்டவர்களல்லர், கட்சி நடத்தியவர்களல்லர். பிரேசில் நாட்டின் அமேசான் காட்டிலே, மைசி ஆற்றங்கரையிலே, மீன் பிடித்தும் வேட்டையாடியும் வாழும் பிரஹான் மக்கள். அவர்கள் தொகை சில நூறுதான். அவர்களுடைய கேள்வியோ, ஆயிரம் பீடங்களை அசைக்க வல்லது!

இச்செய்தியைச் சொல்லும் நூல், டேனியல் எவரெட் 2008-இல் வெளியிட்ட ‘உறங்காதே, பாம்புகள் உண்டு’ என்ற பொருளுடைய ஆங்கில நூல். அது பிரஹான் மக்கள் இரவில் பிரியும்போது ஒருவருக்கொருவர் கூறும் சொல். எவரெட் 1977-இல் அக்காட்டுக்குச் சென்றார். எழுத்தில்லாத அம்மொழியைக் கற்பது, அதற்கு எழுத்து வகுப்பது, அதிலே பைபிளை ஆக்கித் தருவது, ஆன்மாக்களை மீட்பது – இதுவே அவர் ஏற்ற பணி. மொழியைக் கற்றார், இலக்கணம் கண்டார், மாற்கு எழுதிய சுவிசேஷத்தையும் மொழிபெயர்த்தார். மீட்கப்பட்டவர் மட்டும் ஒருவருமில்லை. 1980-களிலே அவருடைய நம்பிக்கையே கரைந்து போயிற்று. வெளியே சொல்லப் பல்லாண்டு தயங்கினார். சொன்னபோது குடும்பம் உடைந்தது. மாற்றச் சென்றவர் மாறித் திரும்பினார்!

இந்நூலை நம் இளைஞர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படிப்பதில் வியப்பில்லை. நாமும் மகிழ்ந்தோம். ஆனால் மகிழ்ச்சி வேறு, மதிப்பீடு வேறு. பகைவன் கோட்டையில் விரிசல் கண்டதும் கைதட்டிவிட்டுக் கலைந்து செல்வது பகுத்தறிவாளருக்கு அழகாகாது. நூலை அளந்து பார்ப்போம். அந்த அளவுகோலை நம்மீதும் வைத்துப் பார்ப்போம்.

முதலில் மொழி. பிரஹான் மொழியில் ஆடவர் பேச்சில் மெய்யொலிகள் எட்டு, பெண்டிர் பேச்சில் ஏழு, உயிரொலிகள் மூன்று என்கிறார் எவரெட். அம்மொழியைச் சீழ்க்கையாலும் பேசலாம், முனகலாலும் பேசலாம். எண்ணுப் பெயர்கள் அதில் இல்லை. ஒரு வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியத்தைப் பொதிந்து வைக்கும் முறையும் அம்மொழியில் இல்லை என்று 2005-இல் அவர் எழுதியது, சாம்ஸ்கியின் கொள்கையைப் போற்றும் மொழியறிஞர்களிடையே பெரும்புயலை எழுப்பிற்று. 2009-இல் மொழியறிஞர் மூவர் அக்கருத்தை வன்மையாக மறுத்து எழுதினர். அந்த வழக்கிலே தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை.

நம் உள்ளத்தைக் கவர்வது வேறொரு செய்தி. ஒருவன் சொல்லுவது கண்ணால் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா, கருதி உணர்ந்ததா என்பதை வினைச்சொல்லின் விகுதியே காட்டிவிடுமாம்! இத்தகைய மொழியிலே சுவிசேஷத்தைச் சொல்லப் புகுந்தால் என்னவாகும்? ஒவ்வொரு வாக்கியமும் தன் பிறப்புச் சான்றைக் கையிலேந்தி நிற்க வேண்டும். ‘கண்டேன்’ என்று கூற வழியில்லை. ‘கேட்டேன்’ என்றால், யாரிடம் என்ற வினா எழும். எவரெட் ஏந்திச் சென்ற நூலை, அவர் கற்றுக்கொண்ட மொழியே குறுக்கு விசாரணை செய்தது.

அதன் விளைவுகளை அவர் மறைக்கவில்லை. ஒலிநாடாவில் பதித்துத் தந்த சுவிசேஷத்தை அம்மக்கள் ஆர்வத்துடன் கேட்டனராம். எதற்காக? யோவானின் தலையை வெட்டும் கட்டத்துக்காக! தம் மாற்றாந்தாய் தற்கொலை செய்துகொண்டதையும், அதன் பின்னர்த் தாம் தேவனிடம் அடைக்கலம் புகுந்ததையும் ஒருநாள் உருக்கமாகச் சொன்னார். தேவாலயங்களில் கண்ணீர் வருவித்த கதை அது. காட்டிலே சிரிப்பு எழுந்தது; தம்மைத் தாமே கொன்றுகொள்ளும் மக்களும் உண்டோ என்று வியந்தனர். தோல்வியைத் தோல்வியென்றே எழுதும் இந்நேர்மைதான் நூலின் தலையாய சிறப்பு. வென்றதை மட்டுமே எழுதும் ஊழியக் கதைகளுக்கிடையே இது தனித்து நிற்கிறது.

இனி, நம் தோழர்களுக்கு ஒரு சொல். ‘பார்த்தீர்களா, இயற்கையிலேயே நாத்திகர்கள்! காட்டிலே பிறந்த இங்கர்சால்கள்!’ என்று சிலர் துள்ளுகின்றனர். நூலை மீண்டும் திறந்து, தொடக்கத்தைப் படியுங்கள். ஒரு காலைப்பொழுதில் ஆற்றங்கரையிலே ஊரே திரண்டு நின்று, எதிர்ப்புற மணல்திட்டிலே ஆவியொன்று நிற்பதாகச் சுட்டிக் காட்டிக் கூவுகிறது. எவரெட்டும் அவருடைய சிறுமகளும் உற்று நோக்குகின்றனர். மணல்தான் தெரிகிறது. அம்மக்களோ தாங்கள் காண்பதாகவே உறுதி கூறுகின்றனர்! அயலான் சொன்ன தேவனை ஏற்காதவர்கள், தங்கள் ஊர் ஆவியை ஏற்கின்றனர். ஆகவே, அவர்கள் கேட்ட கேள்வி கூரியது. அதனாலேயே அவர்கள் நம் கழகத்தவர் ஆகிவிடவில்லை. பாதிரியார் அவர்களிடம் இழந்த ஆன்மாவைக் கண்டார். நாம் பகுத்தறிவுச் சிலையைக் காண்கிறோம். மனிதனைக் காண்பது எப்போது?

இதே குறை எவரெட்டின் முடிவுரையிலும் உண்டு. அம்மக்கள் மனநிறைவுடன் வாழ்கின்றனர், அவர்களுக்குக் குறையொன்றுமில்லை என்ற மகிழ்ச்சிப் பண்ணோடு நூல் நிறைவெய்துகிறது. ஆனால் அவர் கையே எழுதிய ஏனைய பக்கங்கள் சொல்லுவது என்ன? மலேரியா அவர்களை வாட்டுகிறது. மகப்பேற்று வேதனையில் ஆற்றங்கரையிலே அலறிய பெண்ணொருத்தி, உதவுவாரின்றித் தனியே மடிகிறாள். தாயை இழந்த பச்சிளங் குழந்தையை எவரெட் குடும்பத்தார் பாலூட்டிக் காக்க முயல்கின்றனர். அது பிழைக்காது என்று கருதிய ஊரார், மதுவைப் புகட்டி அதன் உயிரை முடிக்கின்றனர். வணிகர் ஏமாற்றுகின்றனர் என்று ஐயுற்று, எண்ணக் கற்றுத் தருமாறு அம்மக்களே கேட்கின்றனர். எட்டு மாதம் இரவு வகுப்பு நடந்தும் ஒருவருக்கும் பத்து வரை எண்ண வரவில்லை. இவற்றையெல்லாம் எழுதிவிட்டு, ‘குறையொன்றுமில்லை’ என்று முடிப்பதா? தேவனைத் துறந்தவர், காட்டைச் சொர்க்கமாக்கிவிட்டார்! சொர்க்கம் எங்கே இருப்பினும் நமக்கு அதில் ஐயந்தான்.

அவரை அனுப்பிய அமைப்பைப் பற்றியும் அவர் இன்னும் ஆழமாகக் கேட்டிருக்கலாம். கோடைக்கால மொழியியல் நிறுவனம் என்ற பெயரில், 1934-இல் டவுன்சென்ட் என்ற அமெரிக்கர் தொடங்கியது அது. 1942-இல் விக்ளிஃப் பைபிள் மொழிபெயர்ப்பாளர் என்ற உடன்பிறப்பும் உருவாயிற்று. அரசாங்கங்களுக்கு ‘மொழியியல்’ முகம். காணிக்கை தருவோருக்கு ‘பைபிள்’ முகம்! அதன் ஊழியர்கள் பிரசங்கம் புரிவதில்லை, ஞானஸ்நானம் தருவதில்லை; மொழிபெயர்த்த நூல் தன் வேலையைத் தானே செய்யும் என்பதே நம்பிக்கை என்கிறார் எவரெட். எழுத்து அங்கே விளக்கன்று, தூண்டில்!

‘பாதிரிமார் தமிழுக்குத் தொண்டு செய்யவில்லையா?’ என்று கேட்பார் உண்டு. செய்தனர்; மறுப்போமா? 1578-இலேயே தமிழெழுத்தில் அச்சேறிய நூல் கிறித்தவ நூல்தான். 1856-இல் கால்டுவெல் தந்த ஒப்பிலக்கணம் நம் இயக்கத்துக்கே பெயர் வழங்கிய ஏடுகளில் ஒன்று. நன்றி கூறுகிறோம். ஆயின், ஒன்றை எண்ணிப் பாருங்கள். தமிழிடம் ஏற்கெனவே எழுத்து இருந்தது, ஏடு இருந்தது, எதிர்த்துப் பேசும் புலமையும் இருந்தது. அச்சுப்பொறி வந்ததும் அதிலே பைபிளும் ஏறிற்று, குறளும் ஏறிற்று, பின்னர் ‘குடி அரசு’ம் ஏறிற்று! அந்தக் ‘குடி அரசு’ ஏட்டிலேதான் 1935-இல் பெரியார் எழுத்தையே திருத்தி அமைத்தார். எழுத்து மக்களுக்குக் கருவி என்ற துணிவு அது. மைசிக் கரையிலோ, எழுத்து ஒரே ஒரு நூலைச் சுமந்து வந்தது. ஒரு நூலுக்காகப் பிறக்கும் எழுத்து, அந்நூலின் அடிமையாகவே பிறக்கிறது.

இது பழங்கதையன்று. 2018 நவம்பரில், ஜான் சௌ என்ற அமெரிக்க இளைஞர், அந்தமானைச் சேர்ந்த வட சென்டினல் தீவில் மதம் பரப்பச் சென்று, தீவினரின் அம்புக்கு இரையானார். கையிலே வேதம் இருந்தது. அவர்கள் மொழியிலே ஒரு சொல்லும் இல்லை. 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் அங்கே அயலார் நுழைவதைத் தடுக்கிறது. தடை வீணுக்கன்று. 1858-இல் வெள்ளையர் குடியேற்றம் தொடங்கியபோது ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர், 1961 கணக்கெடுப்பிலே வெறும் 19 பேர்! கொன்றவற்றுள் முதன்மையானது, வந்தவர்கள் கொண்டுவந்த நோய். ஆன்மாவை மீட்க வருகிறவரின் மூச்சுக்காற்றே உடலைக் கொல்லும். அந்த இளைஞரின் சாவுக்கு வருந்துகிறோம். அவரை அங்கே செலுத்திய நம்பிக்கையைக் கண்டிக்கிறோம்.

ஆகவே, எவரெட்டின் நூலைப் படியுங்கள், கேள்விகளோடு படியுங்கள். தேவனைப் போக்கினால் போதாது. மலேரியாவையும் போக்க வேண்டும். மருந்து வேண்டுவோர்க்கு மருந்து, வேதமின்றி! எண் கேட்போர்க்கு எண், நிபந்தனையின்றி! நிலமும் ஆறும் அவர்க்கே உரிமையாக! வராதே என்போரிடம் செல்லாமை! இந்நான்கையும் ஒப்புக்கொள்ளாத அன்பு, எம்மதத்தின் பெயரால் வந்தாலும், மதமின்மையின் பெயராலேயே வந்தாலும், ஆதிக்கமே ஆகும்.

கண்டீரா என்று கேட்டனர் மைசிக் கரையினர். அக்கேள்வியை அவர்கள் நமக்கும் விடுத்திருக்கின்றனர்: எங்களைக் கண்டீரா?